காற்றாலை கட்ட எத்தனை நாள் ஆகும்?

"ஊருக்கு வெளியே காற்றாலை வருகிறது, எப்படிக் கட்டுவார்கள், எத்தனை நாளாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் நிலத்தை ஒட்டித்தான் வருகிறது.

இங்கே எல்லாரும் கிரேன் இறக்கையைத் தூக்குவதையே எழுதுகிறார்கள். அது ஒன்றிரண்டு நாள் கூத்து. பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. நான் இன்ஜினியர் இல்லை, அஸ்திவாரத்துக்கு கான்கிரீட் போடும் குழுவில் மேற்பார்வை பார்த்தவன். மாடலுக்கு மாடல் அளவு மாறும், கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் மண் பரிசோதனை, அப்புறம் பாதை. 50 மீட்டருக்கு மேல் நீளமான இறக்கை பெரும்பாலும் ஒரே துண்டாக வரும் என்பதால் வளைவுகளை அகலப்படுத்துவார்கள். பிறகு குழி. 2 மெகாவாட் மின்சாரம் தரும் காற்றாலை என்றால் சுமார் 15 முதல் 20 மீட்டர் அகலம், ஆள் உயரத்தைத் தாண்டும் ஆழம். நடுவில் கோபுரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் வட்டமாக நிற்கும், சுற்றிலும் கம்பி கட்டுவார்கள்.

கான்கிரீட்டை, 300 கன மீட்டருக்கும் மேல் வரும், நிறுத்தாமல் போட வேண்டும். நடுவில் நின்றால் பழையதும் புதியதும் ஒட்டாது. ஒருமுறை பாதிக் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. இரவு பத்து மணி, மேலே லாரிகள் டிரம்மைச் சுற்றியபடி வரிசையில் நிற்கின்றன, பையன்கள் குழாயைக் கழற்றிக் கையால் ஜல்லியைத் தோண்டுகிறார்கள். நான் கம்பிகளுக்கு நடுவே குந்தி, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை, போட்ட கான்கிரீட்டில் அடிக்கடி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைப்ரேட்டர் தன் எடையிலேயே உள்ளே இறங்கும்வரை பயமில்லை, புதுக் கலவையைச் சேர்த்துவிடலாம். முக்கால் மணி நேரத்தில் பம்ப் ஓடியது, அப்போதும் வைப்ரேட்டர் இறங்கியது. லாரி காத்திருந்த காசை எங்கள் சம்பளத்தில் பிடித்தார் ஒப்பந்ததாரர். அவர் கொடுத்த பூட்ஸும் எல்லாருக்கும் ஒரே சைஸ், நான் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கான்கிரீட் பலத்துக்கு 28 நாள் கணக்கு. குழியை மண் போட்டு மூடியபின் கோபுரத் துண்டுகள், ஜெனரேட்டர் இருக்கும் தலைப்பகுதி, கடைசியில் இறக்கைகள். காற்று வீசும் இடமாகத் தேடிப் பிடித்துவிட்டு, அது ஓயட்டும் என்று கிரேன் காத்துக்கிடக்கும். விநாடிக்குப் 10 மீட்டர் வேகத்தில் அடித்தால் இறக்கையைத் தூக்கவே மாட்டார்கள். பாதை, கேபிள் எல்லாம் சேர்த்துப் பல மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலப்படுத்திய வளைவில் வாய்க்காலை யார் சரிசெய்து தருவார்கள் என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், கிரேன் போனபிறகு கேட்க ஆள் இருக்காது.