கத்தியோ நெருப்போ, கடைசியில் எச்பி (உயிர்ப் புள்ளி) தானே குறைகிறது? அப்புறம் எதற்கு 13 வகை டேமேஜ் (சேதம்)?

13 வகை என்று நீங்கள் சொல்வதால் பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கை ஹட்டனில் எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். போயா (பௌர்ணமி) லீவு நாட்களில் கூடி, தமிழிலேயே ஆடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

டேமேஜ் வகை தனியாக எதையும் செய்யாது. அடி வாங்குகிற ஜந்துவின் குறிப்பில் அந்த வகை எழுதியிருந்தால்தான் அதற்கு வேலை. ரெசிஸ்டன்ஸ் என்று இருந்தால் சேதம் பாதி. இம்யூனிட்டி என்றால் ஒன்றுமே ஏறாது. வல்னரபிலிட்டி என்றால் இரண்டு மடங்கு.

எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எச்பி 13. ஒருவர் குறுவாளால் குத்துகிறார், பகடையில் 4 விழுகிறது, பலத்துக்கு 3 கூட்டினால் 7. எலும்புக்கூடு 6 எச்பியோடு நின்று திருப்பி அடிக்கும். அதே ஆள் தண்டாயுதத்தால் அடித்து அதே 4 விழுந்தால்? மொத்தும் அடிக்கு அது வல்னரபிள், 7 இரட்டித்து 14 ஆகிறது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும். விஷம் பூசிய அம்பை விட்டால் விஷம் வீண், அம்பின் குத்து மட்டும்தான் சேரும். எச்பி குறைவது ஒன்றுதான், ஆனால் எத்தனை சுற்றில் குறைகிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது.

கணக்கில் ஒரு வரிசை உண்டு. கூட்டல் கழித்தல் எல்லாம் முதலில், பிறகு ரெசிஸ்டன்ஸ், கடைசியில் வல்னரபிலிட்டி. பாதியாக்கும்போது பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும். ஒரே வகைக்கு இரண்டு இடத்திலிருந்து ரெசிஸ்டன்ஸ் கிடைத்தாலும் ஒருமுறைதான் பாதி, கால் ஆகாது. இதில்தான் எங்கள் மேசையில் அதிகம் வாக்குவாதம் நடக்கும்.

ஜந்துக்களின் குறிப்புகள் உள்ள புத்தகத்தைப் புரட்டினால் வல்னரபிலிட்டி அபூர்வம் என்பது தெரியும். ரெசிஸ்டன்ஸும் இம்யூனிட்டியும்தான் நிறைய. அதனால் இந்த விதி வீரர்களிடம் கேட்பது 'எது பலிக்கும்?' என்பதைவிட 'எது பலிக்காது?' என்பதைத்தான். சிவப்பு டிராகன் மேல் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போட்டால் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்று போனதுதான் மிச்சம். பிளாக் புட்டிங் என்ற கறுப்புக் கூழை வாளால் வெட்டினால் சேதம் ஏறாது, அது இரண்டாகப் பிரிந்து இரண்டும் உங்கள் மேல் பாயும். டிரோல் என்ற அரக்கனுக்கு நெருப்பில் வல்னரபிலிட்டி கிடையாது. ஆனால் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி தன் முறை வரும் ஒவ்வொரு தடவையும் 10 எச்பி ஆறிக்கொண்டே வரும் அதன் உடம்பு, நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த முறை ஆறாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான், ஏனென்றால் வெறும் எண்ணை இரட்டிக்காமல் சண்டையின் போக்கையே மாற்றுகிறது.

இதே மாதிரியான இன்னொரு விளையாட்டு, 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, வேறு வழியில் போகிறது. அங்கே பலவீனத்துக்கு ஓர் எண் இருக்கும். சாதாரண ஜாம்பிக்கு வெட்டில் 5 பலவீனம், எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதலாக 5. இரட்டிப்பு முறையில் ஒரே பெரிய அடி அடிக்கிறவருக்கு லாபம், பாத்ஃபைண்டரில் சின்னச் சின்னதாகப் பலமுறை வெட்டுகிறவருக்கு லாபம். என் மனம் பாத்ஃபைண்டர் பக்கம்தான், முதல் லெவல் ஆளின் சின்னக் கத்திக்கும் அங்கே மரியாதை இருக்கிறது.

சரி, டிஎம்மாக நீங்கள் செய்ய வேண்டியது என்ன? பலவீனத்தைச் சண்டைக்கு முன்பே ஊகிக்க இடம் கொடுங்கள். மூடிக்கிடக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நடப்பதாக ஒரு கதை எழுதினேன், அதில் ஆள் உயர அட்டைப்பூச்சி ஒன்று. உப்புப் பட்டால் அமில டேமேஜ், அமிலத்துக்கு அது வல்னரபிள் என்று நானே விதி வைத்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்காலத்தில் கொழுந்து மலையில் நடந்த பிள்ளைகள் அவர்கள், ஃபேக்டரி கேன்டீனில் உப்பு மூட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் கையில் இருந்தும் யாரும் வெட்டப் போகவில்லை. அன்று மேசையில் எழுந்த சத்தத்தை எந்தப் பெரிய டிராகன் சண்டையிலும் நான் கேட்டதில்லை.

முதல் அடி பட்டதும் விளைவைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "நெருப்பு அதன் தோலில் பாதிதான் பிடித்தது" என்றால் போதும், வீரர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வார்கள். பாதியாக்கியதை மறைத்து வைத்தால் அவர்கள் கண்ணுக்கு அது வெறும் நீளமான சண்டை.

முதல் ஆட்டத்துக்கு 13 வகையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வெட்டு, குத்து, மொத்து, நெருப்பு, விஷம் இந்த ஐந்தோடு நான்கு எலும்புக்கூடுகளை இறக்குங்கள், குழுவில் ஒருவர் கையிலாவது தண்டாயுதம் இருக்கட்டும்.