மறியலால் வந்த பிறகும் கையெழுத்தா?

கேள்வி: கசிப்பு (கள்ளச்சாராயம்) வழக்கில் என் கணவருக்குப் போன வருடம் ஆறு மாதச் சிறை தீர்த்து, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தார்கள். இப்போது திரும்பவும் பிடிபட்டுவிட்டார். "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டினால் அலுவல் முடிஞ்சுது" என்கிறார். (ஒட்டுசுட்டான்)

பதில்: தங்கச்சி, அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள விடாதேயுங்கோ. ஒத்திவைத்த தண்டனை மன்னிப்பு இல்லை. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவின்படி, இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையை ஆகக் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கலாம். அந்தக் காலத்துக்குள், சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழையது எழும்பி வரும்.

"விதிக்கக்கூடிய" என்ற சொல்லில்தான் பொறி. புது வழக்கில் வெறும் தண்டப்பணம் விழுந்தாலும், சட்டம் அந்தக் குற்றத்துக்குச் சிறை என்று எழுதியிருந்தால் போதும். கசிப்பு வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தான். "காசைக் கட்டிப்போட்டு வாறன்" என்று காலையில் வெளிக்கிட்டவர் பின்னேரம் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறினதை நான் கண்டிருக்கிறேன். சட்டைப்பையில் பொலித்தீன் பை, அதற்குள் நாலாய் மடித்த பழைய கட்டளைப் பிரதி. ஒருநாளும் விரித்துப் படித்திருக்கமாட்டார்.

பிடிபட்டது மட்டும் குற்றத்தீர்ப்பு இல்லை. சட்டத்தரணியிடம் பழைய வழக்கு இலக்கத்தைக் கட்டாயம் சொல்லுங்கோ. இதை வெட்கத்தில் மறைக்கிறவர்கள்தான் கூட. கைரேகைப் பதிவிலிருந்து பழைய குற்றத்தீர்ப்புகள் எப்படியும் மேசைக்கு வந்துவிடும். புது வழக்கில் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கேட்க இடமிருக்கிறதா என்றும் விசாரியுங்கோ. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. அதில் உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில் இருந்து, சொன்ன வேலையைச் செய்யவேண்டி வரும். ஆனால் அது பழைய ஆறு மாதத்தை அழிக்காது.

கேள்வி: களவு வழக்கில் முழுத் தண்டனையும் கழித்துவிட்டு வந்தேன். பிணையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பொலிஸில் கையெழுத்து வைத்தேன். இப்பவும் வரச் சொல்கிறார்கள். (கிளிநொச்சி)

பதில்: தம்பி, பிணை நிபந்தனை வழக்கு முடிந்த அன்றோடு முடிந்தது. திரும்பத் திரும்பக் குற்றவாளியாகக் காணப்பட்டவரைப் பொலிஸ் மேற்பார்வையில் வைக்கக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும்; பொறுப்பதிகாரி வாயால் சொன்னால் போதாது. பதிவாளர் கந்தோரில் தீர்ப்பின் பிரதி எடுத்துப் பாரும். மேற்பார்வை பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளும். சண்டைக்குப் போகவேண்டாம்.

கேள்வி: அக்காவின் மகனைக் கனடாவில் "நீண்டகாலக் குற்றவாளி" என்று தீர்த்திருக்கிறார்கள். சிறை முடிந்த பிறகும் பத்து வருடம் கண்காணிப்பாம். பிழையாய்ச் சொல்கிறார்களோ? (மல்லாவி)

பதில்: பிழை இல்லை, அம்மா. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் அப்படி ஒரு வகை உண்டு. சிறைக்காலம் முடிந்த பிறகே மேற்பார்வை தொடங்கும். ஆகக் கூடியது பத்து வருடம். பிள்ளை எங்கே தங்குகிறார், யாரோடு பழகுகிறார் என்று, மேற்பார்வை செய்கிற பரோல் அலுவலர் பார்ப்பார். நிபந்தனையை மீறினால் அதுவே தனிக்குற்றம், பத்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். அதனால் "ஊருக்கு வந்து கொஞ்சநாள் நில்" என்று நீங்கள் கூப்பிடவேண்டாம். பிள்ளை குடியுரிமை எடுக்காமல் பி.ஆரில் (நிரந்தர வதிவுரிமையில்) இருந்தால் நாடுகடத்தும் ஆபத்தும் இருக்கிறது; உடனே அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கோ.

கேள்வி: முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்த என் அண்ணரை இன்னும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். இதுவும் தண்டனைக்குப் பிந்திய மேற்பார்வையா? (புதுக்குடியிருப்பு)

பதில்: இல்லை. புனர்வாழ்வு என்பது நீதிமன்றம் விதித்த தண்டனையே அல்ல. வருகிறவரின் பெயர், பிரிவு, திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.