மாசி விதைப்புக்கு வாங்கும்முன்: வாசகர் கேள்விகள்

மாசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி தோட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். பொங்கலுக்குக் காய்த்த அவரையும் மொச்சையும் ஓய்ந்து கொல்லை காலியாகக் கிடக்கும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் அடுத்த விதைப்பை முடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஓர் அவசரம். அந்த அவசரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுகிறோம். இந்த முறை வந்தவற்றில் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆன்லைனில் "45 வகை காய்கறி விதைகள்" என்ற தொகுப்பை 299 ரூபாய்க்கு வாங்கினேன். வெண்டை 20 விதை போட்டதில் 3 முளைத்தது. கத்தரி ஒன்றுகூட வரவில்லை. விற்றவரைக் கேட்டால், நான் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன் என்கிறார். இதற்கு வழி உண்டா? (வாசகி, கும்பகோணம்)

உண்டு. ஆனால் புகாருக்குப் போகும்முன் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். மிச்சமிருக்கும் விதைகளில் பத்தை எண்ணி, ஈரப் பருத்தித் துணியில் சுருட்டி, காற்றுப் போகிற டப்பாவில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், சொட்டச் சொட்ட நனைய வேண்டாம். வெண்டை ஐந்தாறு நாளில் முளை காட்டும். தக்காளிக்கு ஒரு வாரம், கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். துணியில் நன்றாக முளைத்து மண்ணில் முளைக்கவில்லை என்றால் சிக்கல் விதையில் இல்லை. கத்தரி, மிளகாய் விதைகளை விரற்கடை ஆழத்தில் புதைத்தால் அவை மேலே வருவது கடினம். மேலோட்டமாகத் தூவி, சலித்த மண்ணை லேசாகப் போர்த்தினால் போதும்.

துணியிலும் முளைக்கவில்லை என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60. இருபதுக்கு மூன்று என்பது 15 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தண்ணீர் மேல் பழிபோட்டுத் தள்ளிவிட முடியாது. முறையான பாக்கெட்டில் ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதனை செய்த தேதி, எந்தத் தேதி வரை விதைக்கலாம், முளைப்புத்திறன், நிகர எடை, விற்பவரின் முகவரி எல்லாம் இருக்கும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்க உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீதும் தர வேண்டும். ஜிப் பையில் கலர் படத்தை ஒட்டி அனுப்பும் பலரிடம் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. உங்கள் பையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பையின் இரண்டு பக்கமும், ரசீது, துணிச் சோதனை மூன்றையும் படமெடுத்து இணையுங்கள். மிச்ச விதையில் பாதியைப் பையோடு பத்திரமாக வைத்திருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதானால், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

299 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று தோன்றும். எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றும். ஆனால் முளைக்காத விதையால் போவது விதைக் காசு மட்டும் இல்லை, பருவமும் போய்விடுகிறது. இந்த விஷயத்தில் ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்திருங்கள். 2012இல் தேசிய விதைக் கழகத்துக்கும் மதுசூதன் ரெட்டி என்ற விவசாயிக்கும் இடையிலான வழக்கில், விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு விதையைக் கொடுக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் புகாரைத் தள்ள முடியாது என்றும் சொன்னது. வாங்கிய விதையை எல்லாரும் விதைத்துவிடத்தானே செய்வார்கள்?

அப்புறம் அந்த 45 வகையைப் பற்றி ஒரு வார்த்தை. காலிபிளவர், முட்டைக்கோஸ், புரோக்கோலி, லெட்டூஸ், கேரட் என்று இந்தத் தொகுப்புகளில் பெரும்பங்கு குளிர்காலப் பயிர். பங்குனி வெயிலில் காவிரிக் கரையில் அவை தேறாது. நல்ல விதையாகவே இருந்தாலும் அந்தப் பணம் வீண்தான். மாசியில் உங்கள் கொல்லைக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி, பாகல், பீர்க்கு, புடலை, இரண்டு கீரை போதும். ஏழெட்டுப் பாக்கெட்டைப் பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உரிமம் உள்ள கடையிலோ தனித்தனியாக வாங்குங்கள்.

கேள்வி: நாட்டு விதை என்று சொல்லி ஒருவர் 10 தக்காளி விதையை 60 ரூபாய்க்கு விற்கிறார். விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. நம்பலாமா? (வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். அந்த இளஞ்சிவப்பு பெரும்பாலும் திரம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசியதன் அடையாளம். கம்பெனி விதையில் அது வழக்கமானதுதான், தவறில்லை. விதைத்ததும் கையைக் கழுவிவிட்டுக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் வீட்டில் எடுத்த நாட்டு விதையில் அந்தப் பூச்சு எப்படி வரும்? கடை விதையைப் பிரித்துச் சின்னப் பொட்டலமாக்கி விற்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

தக்காளி விதையைப் பார்த்து அது நாட்டு ரகமா, வீரிய ஒட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஊரில் விளைந்தது, எந்த வருடம் எடுத்தது, காய் எப்படி இருக்கும், அவரே எத்தனை பருவமாகப் போட்டு எடுக்கிறார் என்று கேளுங்கள். உண்மையில் விதை காப்பவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷமாக அரை மணி நேரம் பேசுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வருடாவருடம் சொந்த விதை எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு நாட்டு விதைதான் வேண்டும் என்பதில்லை. பாக்கெட்டில் எஃப் 1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு. அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. ஆனால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 கத்தரி போன்றவை ஒட்டு இல்லாத ரகங்கள், அவற்றில் தாராளமாக விதை எடுக்கலாம். தக்காளியில் சுலபம். கத்தரி, வெண்டையில் ஓரளவு அயல் மகரந்தம் கலக்கும் என்பதால் ஒரே ரகமாக வையுங்கள். பாகல், பீர்க்கில் இன்னும் அதிகம் கலக்கும்.

கேள்வி: ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கி, மண்புழு உரம் கலந்து நாற்று விட்டேன். இலை நுனி கருகி, செடி மஞ்சளாகிவிட்டது. உரத்தில் கோளாறா, கட்டியிலா? (வாசகர், திருப்பூர்)

நுனி கருகியதற்குக் கட்டியில் உள்ள உப்புதான் காரணமாக இருக்கும். தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு, உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். கழுவி விற்கும் கட்டிக்குக் குறைந்த இ.சி. என்று போட்டிருப்பார்கள். உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு அது, 0.5க்குக் கீழே இருந்தால் நல்லது. கழுவாததை விலை குறைவு என்று வாங்கினால் கழுவுகிற வேலை நம்முடையது. பெரிய தொட்டியில் ஊறவைத்து, சாக்கில் கட்டி வடியவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வடியும். வெளிறும்வரை மூன்று நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும். உங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை, மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை எடுங்கள்.

மஞ்சளானதற்குக் காரணம் வேறு. மக்காத நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. நாற்றுக்கு மக்கிய நார்க்கழிவு என்று கேட்டு வாங்குங்கள்.

மண்புழு உரத்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை அதில் 15 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கலாம் என்கிறது. பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற மூட்டையில் நீங்கள் உரத்தின் விலைக்குத் தண்ணீரை வாங்குகிறீர்கள். நல்ல உரம் உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். சாண நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் இருக்கிறது. குரோ பேக் 50 வாங்கலாமா, 75 வாங்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

ஒன்றும் வாங்க வேண்டாம். மண் இருக்கும் இடத்தில் பை எதற்கு? அது மாடிக்கு. பையில் வளரும் செடிக்குக் கோடையில் தினம் இரண்டு தடவை தண்ணீர் வேண்டும், தரையில் வேர் கீழே இறங்கித் தானே தேடிக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஒரு வண்டி மக்கிய தொழு உரம் இறக்குங்கள். பச்சைச் சாணமாக இருந்தால் வேர் தின்னும் வெள்ளைப் புழு கூடவே வரும், நன்றாக மக்கியிருக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நர்சரியில் பூவோடு இருந்த தக்காளிச் செடிகளை, சீக்கிரம் காய்க்கும் என்று கூடுதல் விலைக்கு வாங்கினேன். நட்டதும் பூ உதிர்ந்து செடி அப்படியே நிற்கிறது. (வாசகர், மதுரை)

சின்னப் பையில் பூத்த செடி வயதான செடி. வேர் பரவ இடமில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், நட்டாலும் விரியாது. குழித்தட்டில் வளர்த்த 25 நாள் தக்காளி நாற்றுதான் சரி. கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு அதைவிட ஒரு வாரம் கூட. ஒரு சாண் உயரம் தாண்டாமல், தண்டு தடித்து, இலைக்கு அடியில் பூச்சி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நாற்றை மெல்ல உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. ஒருமுறை உங்கள் மண்ணுக்குள் வந்துவிட்டால் பல வருடம் போகாது. அந்த நாற்று இலவசம் என்றாலும் வேண்டாம்.

பூ உதிர்ந்ததில் வெயிலுக்கும் பங்கு உண்டு. பகலில் 35 டிகிரிக்கு மேல் ஏறி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் தக்காளி பிஞ்சு பிடிக்காது. மதுரையில் இந்த மாதத்துக்குப் பிறகு தக்காளி நடுவதற்குப் பதில் வெண்டை போடுங்கள்.

கேள்வி: "நூறு சதவீதம் இயற்கை" என்று எழுதிய பூச்சி விரட்டி ஒன்றை அடித்தேன். ஒரு மணி நேரத்தில் அசுவினி முழுதும் செத்துவிட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் பாட்டிலில் என்ன இருக்கிறது என்றே எழுதவில்லை. கீரையைப் பறித்துச் சமைக்கலாமா? (வாசகி, ஈரோடு)

சமைக்காதீர்கள். அந்தக் கீரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விதையுங்கள், மூன்று வாரத்தில் வந்துவிடும். வேப்பெண்ணெய் மாதிரியான பொருள்கள் பொதுவாகப் பூச்சியின் பசியைக் குறைத்து, வளர்ச்சியைக் கெடுத்து, சில நாளில்தான் பலன் காட்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் கொட்டியது என்றால், உள்ளே என்ன என்று தெரியும்வரை அதை நஞ்சாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டம் போடுவதே பிள்ளைகளுக்கு மருந்தில்லாத காய் கொடுக்கத்தான். அதில் போய் யாரோ பெயர் தெரியாததைக் கலந்து விற்பது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

பூச்சிக்கொல்லிகள் 1968ஆம் ஆண்டின் சட்டத்துக்கு உட்பட்டவை. வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் மருந்தும் அதில் வரும். பாட்டிலில் பதிவு எண், மூலப்பொருளும் அளவும், தயாரித்த தேதி, காலாவதி, முறிமருந்துக் குறிப்பு இருக்க வேண்டும். கூடவே சாய்சதுரத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கும் குறைவு நீலம், எல்லாவற்றிலும் குறைவு பச்சை. வீட்டுக்கொல்லையில் பச்சையைத் தாண்டாதீர்கள். உங்கள் பாட்டிலைக் கொட்டிவிட வேண்டாம். மூடி, ரசீதோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துப் போங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு.

இனி அசுவினி வந்தால், முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பாதி அதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள், வாரம் ஒருமுறை. விளக்கேற்ற விற்கும் எண்ணெயை இதற்கு வாங்காதீர்கள், அதில் பல எண்ணெய் கலந்திருக்கும். செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் என்று கேட்டு, மூக்கைத் துளைக்கும் அந்தக் கசப்பு வாடை வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.