தொடை எலும்பு முறிந்தவருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எதற்கு?

தொடை எலும்பில் கம்பி வைத்த பிறகு முழங்காலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உடலின் மிக வலுவான எலும்புகளில் ஒன்றை முறிக்கும் அளவுக்கு வந்த விசை, அதை அடுத்துள்ள மூட்டையும் தாக்கியிருக்கக்கூடும். மடங்கிய முழங்கால் காரின் டாஷ்போர்டில் மோதும்போது முழங்காலின் பின்பக்கச் சிலுவை லிகமென்ட் (எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்) கிழிவது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

முறிந்த தொடை நிலைகொள்ளாமல் இருக்கையில் முழங்காலை முன்னும் பின்னும் இழுத்துச் சோதிக்க இயலாது. எக்ஸ்ரேயிலோ லிகமென்ட் தெரியாது. அதனால் நோயாளி ஊன்றி நடக்கத் தொடங்கி, மாடிப்படி இறங்கும்போது கால் பிசகும் வரை இக்காயம் தெரியாமலே போய்விடுவதுண்டு. கம்பி பொருத்தியவுடன், மயக்கம் தெளியுமுன் மூட்டின் உறுதியைச் சோதித்துவிடுவது மிக அவசியம் என்பேன். அப்போது தளர்வு தென்பட்டாலோ, பின்னர் வீக்கமும் வலியும் நீடித்தாலோ, லிகமென்ட், மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிசல்களையும் எலும்பின் உட்கன்றலையும் எம்.ஆர்.ஐ. காட்டித்தரும்.

உள்ளே உலோகம் இருக்கிறதே என்ற அச்சம் பெரும்பாலும் தேவையில்லை. டைட்டானியக் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைவிடப் படத்தைக் குறைவாகவே சிதைக்கும். முழங்கால் வழியாகச் செலுத்திய கம்பியானால் மூட்டருகே சிதைவு கூடும் என்பதால், 3 டெஸ்லாவைவிட (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) 1.5 டெஸ்லா கருவியே பொதுவாக நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்திய கம்பி) விவரத்தை ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.