கற்பனை உலகத்தில் நடக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் கதையை இளையோருக்காக எழுதுவது எப்படி?

பள்ளி நாட்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவள் நான். இப்போது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறேன். வேறொரு உலகத்தில் நடக்கும் கதையில் இந்த விளையாட்டை எவ்வளவு தூரம் மாற்றலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவிகளையும் விதிகளையும் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் அவை அந்த உலகத்துக்கு ஏன் தேவைப்பட்டன என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். உடம்பு படும் பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பலரும் வரைபடம், அரச வம்சம், மாயசக்தி என்று ஆரம்பிப்பார்கள். நான் பீமிலிருந்து, அதாவது மேலே ஏறி நின்று ஆடும் ஒடுக்கமான கட்டையிலிருந்து, ஆரம்பிக்கச் சொல்வேன். நம் உலகத்து பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். உங்கள் உலகத்தில் அது எங்கிருந்து வந்தது? பாய்மரக் கப்பலின் குறுக்குக்கட்டையா? வெள்ளக் காலத்தில் வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்ட மரமா? மதில் காவலுக்கு ஆள் எடுக்க வைத்த தேர்வா? நம் உலகத்திலும் இந்தக் கருவிகளுக்குப் பின்னால் ஒரு தேவை இருந்தது. ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட், கைப்பிடி வைத்த பொம்மல் ஹார்ஸ் இரண்டுமே குதிரை ஏறிப் பழக வைத்திருந்த மரக்குதிரையின் வழி வந்தவை.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் கதைக்கருவே கிடைக்கும். பிரான்ஸின் நெப்போலியனிடம் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு தோற்றுக் கிடந்த காலத்தில், 1811ல், ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் என்ற ஆசிரியர் பெர்லினில் ஹாசன்ஹைடே என்ற இடத்தில் திறந்தவெளிப் பயிற்சிக் களம் ஒன்றைத் தொடங்கினார். கம்பியில் தொங்கிப் பழகும் பையன்கள் நாளைக்கு நாட்டை மீட்பார்கள் என்பது அவர் கணக்கு. நெப்போலியன் போன பிறகு, ஒன்றுபட்ட ஜெர்மனி வேண்டும் என்ற பேச்சு அதே கூட்டத்திலிருந்து கிளம்ப, அரசு மிரண்டது. 1819ல் அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு பொது இடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகவே தடை. 1842 வரை அது நீடித்தது. குட்டிக்கரணம் போடுவது அரசுக்கு எதிரான குற்றமாக இருக்கும் ஒரு நாட்டை நீங்கள் கற்பனை செய்தால், யாரும் அதை மிகை என்று சொல்ல முடியாது.

இதைவிட என்னை உலுக்கியது செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்காவின் கதை. 1968ல் சீர்திருத்தம் கேட்ட ஓர் அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் நுழைந்ததும் மலைப் பகுதிக்குப் போய் ஒளிந்துகொண்டார். ஒலிம்பிக்ஸுக்கு இரண்டே மாதம். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினார், மரக்கிளையில் தொங்கிப் பயிற்சி செய்தார். அப்படியே மெக்சிகோ போய் நான்கு தங்கம் வென்றார். மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஊர் திரும்பியதும் பல ஆண்டுகள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். கழுத்து கொஞ்சம் திரும்பியதற்கு ஒரு வாழ்க்கையையே விலையாகக் கேட்கும் அரசு! உங்கள் கற்பனை நாட்டின் அரசியலைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டாம், அந்த மாதிரி ஓர் அசைவைக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் இயற்பியல். புவியீர்ப்பு குறைந்த உலகம் என்று வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஈர்ப்பு பாதியானால், அதே வேகத்தில் கிளம்புகிறவள் இரண்டு மடங்கு உயரம் போவாள், இரண்டு மடங்கு நேரம் காற்றில் இருப்பாள். நம் ஊரில் உயிரைக் கொடுத்துப் பழகும் இரட்டை பல்டி அங்கே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு. அப்படியானால் அந்த உலகத்தில் எது கஷ்டம்? இங்கே ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது: எந்த வேகத்தில் கிளம்பினாளோ கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் தரைக்கு வருவாள். ஈர்ப்பு குறைந்தாலும் முழங்கால் வாங்கும் அடி பெரிதாகக் குறையாது. காற்றில் சொர்க்கம், தரையில் அதே வலி. எனக்கு இது மிகவும் பிடித்த முரண். யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கம்பியில் ஆட ஆட உள்ளங்கையில் கொப்புளம் கோத்துத் தோல் கிழியும். தொங்கும் தோலைக் கத்தரித்துவிட்டு மறுபடி சாக் பொடியில் கையை வைத்தால் எரிச்சல் முழங்கை வரை ஏறும். அன்று ராத்திரி ரசம் சாதம் பிசைய முடியாது, ஸ்பூன் கேட்க வேண்டியிருக்கும். பீமில் பின்பக்கமாகப் பாயும்போது பீம் கண்ணிலேயே படாது. கை இறங்கும் கடைசிக் கணத்தில்தான் தெரியும். அது அங்கேதான் இருக்கும் என்று நம்பித்தான் பாய வேண்டும். இதையெல்லாம் மந்திரத்தால் சரி செய்துவிட்டால் கதையில் பயமே இருக்காது.

பதின்ம வயதுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரே வருஷத்தில் சட்டென்று உயரம் கூடிவிட்டால், நேற்று வரை தானாக வந்த பல்டி இன்று வராது. அதே உதையில் உடம்பு மெதுவாகச் சுற்றும். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் முழு 10 மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு வயது 14. இப்போதைய விதிப்படி பெண்கள் ஒலிம்பிக்ஸில் ஆட, போட்டி நடக்கும் வருடத்துக்குள் 16 நிறைய வேண்டும். உங்கள் உலகத்தில் வயது வரம்பு என்ன, அதை யாருடைய நன்மைக்காக வைத்தார்கள் என்று யோசியுங்கள்.

பெரியவர்களின் அதிகாரத்தையும் மழுப்பாதீர்கள். அமெரிக்க அணியின் முன்னாள் மருத்துவர் லாரி நாசருக்கு 2018ல் தண்டனை அறிவிக்கப்படும் முன், அவரால் பாலியல் கொடுமைக்கு ஆளான 150க்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஒலித்தது. எத்தனையோ வருடம் யாரும் காது கொடுக்காத குரல்கள் அவை. படிக்கப் போகிறவர்கள் அதே வயதுப் பிள்ளைகள். கதையில் வரும் பெண் “வலிக்கிறது, வேண்டாம்” என்று சொல்லும்போது அவளை நம்பும் ஒருவராவது இருக்கட்டும். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் காற்றில் திசை தெரியாமல் போய்ப் போட்டியிலிருந்து விலகினார். சில நாள் கழித்து, உடம்பைத் திருகாமல் குதித்து முடிக்கும் இறக்கத்தோடு பீமில் ஆடி வெண்கலம் வாங்கினார். தங்கத்தில் முடியாத உச்சக்காட்சி எவ்வளவு நிறைவாக இருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

சதி வேண்டுமென்றால் சிட்னியைப் பாருங்கள். 2000 ஒலிம்பிக்ஸில் வால்ட்டை 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். திரும்ப ஆடலாம் என்று சொன்னார்கள், ஆனால் ரஷ்ய வீராங்கனை ஸ்வெட்லானா கோர்கினா அதற்குள் அடுத்த கருவியிலும் விழுந்திருந்தார். அங்கே அது தவறுதலாக நடந்தது. உங்கள் கதையில் யாரோ வேண்டுமென்றே செய்யலாம்.

போட்டிக் காட்சியை எழுதும்போது ஒவ்வொரு அசைவையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தாதீர்கள், வாசகர் தொலைந்துபோவார். பீமில் மொத்தமே 90 விநாடி. 80ல் எச்சரிக்கை மணி அடிக்கும். ஏறும் கணம், தடுமாறும் ஓரிடம், அந்த மணி, இறக்கம். இந்த நான்கையும் நிதானமாக எழுதுங்கள், மற்றதை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுங்கள். தடுமாறும் இடத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று எழுதாமல், கட்டைவிரல் எதைப் பிடிக்கப் பார்த்தது என்று எழுதிப் பாருங்கள்.