சுவர் வைத்தியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராஜஸ்தானில் ஷேகாவதி பக்கம் நவல்கர் எங்கள் பூர்வீகம். மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருக்கிறோம். ஊரிலுள்ள எங்கள் ஹவேலியின் (பழைய மாளிகை வீட்டின்) வெளிச்சுவரில் கிருஷ்ணன், யானை, ரயில் வண்டி எல்லாம் வரைந்திருக்கும். இடுப்பு உயரத்துக்குக் கீழே உதிர்ந்துவிட்டது. சிமெண்ட் பூசி, அதே படத்தைப் பெயிண்ட்டில் வரைந்து தருவதாக ஒரு மேஸ்திரி சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகி, சௌகார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிடவில்லையே?

இடுப்புக்குக் கீழே என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அதிலேயே தெரிகிறது. தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. கூடவே மண்ணிலுள்ள உப்பும் ஏறும். ஈரம் காய்ந்ததும் உப்பு பூத்துச் சாந்தைத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே போய், இப்போது நன்றாயிருக்கும் யானையின் மேல்பாதியையும் உதிர்க்கும். ஒழுகும் குழாயா, சாக்கடையா, வாசலைவிட உயர்ந்துவிட்ட தெருவா என்று முதலில் பாருங்கள். படம் அப்புறம்.

அங்கே கொத்தனார்களே ஓவியர்கள், சேஜாரா என்பார்கள். வெளிச்சுவரில் சாந்து காய்வதற்குள் காவி, மஞ்சள் மண், விளக்குக்கரி என்று நிறமேற்றி, கரணையால் தட்டி, அகேட் கல்லால் தேய்ப்பார்கள். சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். உள் அறைகளில் அப்படியல்ல. பல படங்கள் காய்ந்த சுவரில் பசை கலந்து தீட்டியவை. இது உறைக்காத காலத்தில், அதே ஷேகாவதியில் ராம்கர் ஊரில் ஒரு மாடி அறையில் தூசி துடைக்கிறேன் என்று ஈரத்துணியை வைத்தேன். திருப்பிப் பார்த்தால் கிளியின் பச்சை மொத்தமும் துணியில். சுவரில் சிவப்பு அலகு மட்டும். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கும் எந்தச் சுவரானாலும் மூலையில் நகத்தளவு இடத்தில் ஈரப்பஞ்சு ஒற்றிப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன்.

உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். பக்கத்து நிறத்தைவிட ஒரு மாற்று வெளிறலாக இருக்கட்டும். போன யானைக்காலை ஊகித்து வரைய வேண்டாம். ரயில் இருப்பதால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்போ வரைந்ததாக இருக்கும். ஜெர்மன் சாயங்கள் வந்திறங்கிய காலம் அது. பளிச்சென்ற நீலம் இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை.

முடிவெடுக்குமுன் உங்கள் ஊரிலேயே 1902இல் கட்டிய பொத்தார் ஹவேலியைப் பாருங்கள், இப்போது அருங்காட்சியகம். ஷேகாவதியிலேயே ஃபதேபூரில் 1802ஆம் வருடத்து ஹவேலி ஒன்றை 1998இல் பிரெஞ்சு ஓவியர் நதீன் லெ பிரான்ஸ் வாங்கிச் சீரமைத்தார். அதையும் பாருங்கள். மேஸ்திரியையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்புச் சுவரும் இதே வேலைதானா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பங்காளி வேலை. நீங்கள் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தீர்கள். அவர்கள் சுண்ணாம்பைத் தயிர் விட்டு மாதக்கணக்கில் ஊறவைத்தார்கள். கடைசி மெருகுக்கு அந்தப் பாலைவனத்திலும் தேங்காய்தான்.