தம்பியின் இன்சுலினும் கிரெடிட் கார்டும்

கேள்வி: என் தம்பிக்கு 16 வயது, எடை 50 கிலோ. நான்கு மாதங்களுக்கு முன் தீராத தாகமும் வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்த்தோம். இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள், டைப் 1 சர்க்கரை நோய் என்று உறுதியானது. மருத்துவமனைச் செலவுக்கு நான் தனிநபர் கடன் எடுத்தேன். அதன்பின் இன்சுலின், ஊசி முனைகள், சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் என் கிரெடிட் கார்டில் வாங்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். கார்டுக்கு மாதம் நூற்றுக்கு 3 வட்டி. பெற்றோருக்கு இந்தக் கடன் தெரியாது. இப்போது, உடலில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் வாங்க இன்னொரு கடன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். பெரியப்பாவோ, இன்சுலினையே நிறுத்திவிடும் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் ஏற்பாடு செய் என்று வற்புறுத்துகிறார். ஒரு காப்பீட்டு முகவர், தம்பியின் எதிர்காலத்துக்கென்று முதலீடும் காப்பீடும் சேர்ந்த திட்டம் ஒன்றைக் காட்டுகிறார். எதை முதலில் செய்வது? வரவு செலவு விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் மூன்றில் எதையும் முதலில் செய்ய வேண்டாம். உங்களைக் கெடுத்துக்கொண்டிருப்பது நோயின் செலவு அன்று. அந்தச் செலவை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பதுதான். மருத்துவமனைக் கட்டணம் ஒரு முறை வந்த செலவு, கையில் பணம் இல்லாதபோது அதற்குக் கடன் வாங்கியதில் தவறு காண மாட்டேன். இன்சுலின் அப்படிப்பட்டதன்று. அது வாடகையைப் போல மாதாமாதம், உங்கள் தம்பி இருக்கும் காலமெல்லாம் வரப்போகும் செலவு. முடிவே இல்லாத ஒரு செலவை, முடிந்துவிடும் என்ற நினைப்பில் கடனில் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். நான்கு மாதமாக உங்கள் வரவு செலவுத் தாளில் மருந்து என்ற வரியே இல்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய விவரங்களைத் தோராயமாகப் பிரித்துப் பார்த்தேன். வீட்டுக்குக் கொடுப்பது 50, மருத்துவமனைக் கடனின் மாதத் தவணை 15, மாதாந்திர முதலீடு 10, உங்கள் சொந்தச் செலவு 21, கார்டுக்குக் கட்டும் குறைந்தபட்சத் தொகை 4. நூறும் தீர்ந்துவிட்டது. மருந்துக்கான 12 இதற்கு வெளியே, கார்டில் ஏறுகிறது. கார்டில் இப்போது நிற்கும் பாக்கி 60. வங்கியில் வைப்புத் தொகையாக 54 இருக்கிறது, அதை நீங்கள் தொடவில்லை.

இதே பழக்கம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் பாக்கிக்கு நூற்றுக்கு 3 வட்டி ஏறுகிறது, அதன்மேல் மருந்துக்கு 12 சேர்கிறது, மொத்தத்தில் நூற்றுக்கு 5 மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். ஓர் ஆண்டில் பாக்கி ஏறத்தாழ 168 ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் 250ஐத் தொடும், அதாவது இரண்டரை மாதச் சம்பளம். அப்போது வட்டி மட்டுமே மாதம் ஏழரை. குறைந்தபட்சத் தொகை 13ஐத் தாண்டியிருக்கும். இன்று மருந்தை ரொக்கமாக வாங்க 12 இல்லை என்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மருந்து எதுவும் வாங்காமலே அதைவிட அதிகமாக கார்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கும் மருந்துக்குத் தனியாக 12 வேண்டும்.

இந்த நிலையில் மாதாந்திர முதலீட்டை நிறுத்தாமல் காப்பாற்றி வருவதை ஒழுக்கம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மாதம் 3 என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42க்கு மேல். ஒரு பக்கம் 42 கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் அதில் பாதிகூடத் தரும் என்று நம்ப முடியாத முதலீட்டில் பணத்தைப் போடுவது ஒழுக்கமாகாது. அதை இந்த மாதமே நிறுத்துங்கள். அந்த 10உடன் சொந்தச் செலவில் 2ஐக் குறைத்துச் சேர்த்தால் மருந்துக்கான 12 ரொக்கமாகக் கிடைத்துவிடும். இனி ஓர் ஊசி முனைகூட கார்டில் வாங்கப்படக் கூடாது. வைப்புத் தொகையில் 24ஐ, அதாவது இரண்டு மாத மருந்துக்கானதை, அப்படியே விட்டுவிட்டு மீதி 30ஐ கார்டில் கட்டுங்கள். பாக்கி 30 ஆகும். இப்போது கட்டும் 4உடன் சொந்தச் செலவிலிருந்து இன்னொரு 4 சேர்த்து மாதம் எட்டாகக் கட்டினால், நான்கு மாதத்தில் சில்லறைதான் மிஞ்சும். உங்கள் சொந்தச் செலவு 21இலிருந்து 15 ஆகிறது. நான்கு மாதத்துக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். கார்டு பாக்கியைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால், கார்டில் மருந்து வாங்குவதை நிறுத்திய பிறகே அதைப் பற்றி யோசியுங்கள், இல்லையேல் ஆறு மாதத்தில் புதுக்கடனும் இருக்கும், கார்டிலும் பாக்கி ஏறியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பி இப்போது நாளுக்கு 20 யூனிட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நோய் தெரிந்து இன்சுலின் தொடங்கியதும், கணையத்தில் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் சற்றுத் தேறிக்கொண்டு சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட, ஓரளவு இன்சுலினைச் சுரக்கும். அதனால் ஊசியின் தேவை குறைந்து நிற்கும். அது நிலைக்காது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னர் கிலோவுக்கு ஒரு யூனிட்டோ அதற்கு மேலோ தேவைப்படுவது சாதாரணம். இன்று 20 யூனிட் என்றால் மாதம் 600. நான்கு வேளை ஊசிக்கும் முன்னதாக முனையில் காற்றுப் போக இரண்டு யூனிட் வெளியே தள்ளுவதில் மாதம் 240 போகிறது. ஆக 840, அதாவது 300 யூனிட் இன்சுலின் நிரப்பிய ஊசிப் பேனா மூன்று. தேவை 50 யூனிட் ஆகும்போது 1,500உம் 240உம் சேர்ந்து 1,740, பேனா ஆறு. இன்சுலின் செலவு இரட்டிக்கும். மருந்துச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இன்சுலின் என்று நீங்கள் எழுதியிருப்பதால், 12 என்பது 16 ஆகும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தீர்ந்ததும் விடுபடும் எட்டில் நான்கு அதற்குப் போகும், மீதி நான்கு வைப்புத் தொகையை மீண்டும் நிரப்பும். அளவு கூடுவது தம்பி ஒழுங்காக இல்லாததன் அடையாளமும் அன்று; வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் தடுத்துவிடுங்கள்.

பெரியப்பா சொல்லும் சிகிச்சையின் ஆபத்து இங்கேதான். தேவை தானாகக் குறைந்திருக்கும் இந்த மாதங்களில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் குறைந்தது என்று காட்டிவிடலாம்; பணமும் இந்த மாதங்களில்தான் வாங்கப்படும். டைப் 1 நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்படும்வரை, இந்த நோய் கண்ட பிள்ளைகள் பிழைத்ததில்லை. கணைய மாற்று, செல் மாற்று சிகிச்சைகள் உண்டு. அவை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளோடு, பெரிய மருத்துவமனைகளில், தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்யப்படுபவை, முன்பணம் கட்டிச் சேரும் வகுப்புகள் அல்ல. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் மீண்டும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அதன் கட்டணம் எவ்வளவு என்பதை, சம்பளம் நூற்றில் 15ஐ எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைக் கடன் தவணை மாதாமாதம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். "உங்களால் முடிந்தால் மாதம் ஒரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கித் தாருங்கள், பெரியப்பா" என்று கேளுங்கள். நாளுக்கு ஆறு முறை பார்த்தால் மாதம் 180 ஸ்ட்ரிப், ஐம்பது கொண்ட பெட்டி ஏறக்குறைய நான்கு. அதில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டாலே பெரிய உதவி. அக்கறை உண்மையானால் வாங்கித் தருவார், இல்லையென்றால் பேச்சு அதோடு குறைந்துவிடும்.

பம்ப் நல்ல கருவி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் அந்தக் கருவிக்குத்தான் கிடைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய குழாயும் ஊசியும் ஆண்டுக்கு 120 முதல் 180 வரை தேவைப்படும், அவற்றுக்கு யாரும் தவணை போட்டுத் தருவதில்லை. பம்ப்பில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கிடையாது என்பதால், அது நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே ஆபத்து நெருங்கும். எனவே பேனாக்களையும் கையிருப்பில் வைத்திருந்தாக வேண்டும். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரும் இதே கதைதான், 14 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26. வாங்க நினைத்தால் ஆண்டுச் செலவை முதலில் கேட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து, உங்கள் தாளில் ஒரு வரியாக எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லாதவரை, மருந்தளவை மாற்றும் வாரங்களில் மட்டும் சென்சார் போட்டால் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. இன்சுலினையும் ஸ்ட்ரிப்பையும் குறைத்து ஒரு காசும் சேமிக்க வேண்டாம். 1993இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வு ஒன்றில், 1,441 டைப் 1 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு உருவாகும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்திருந்தது. இன்றைய ஸ்ட்ரிப் செலவைப் பிற்காலத்துக் கண் சிகிச்சையோடும் சிறுநீரகச் சிகிச்சையோடும் வைத்துப் பாருங்கள். விலையைக் குறைக்க வழி இருக்கிறதா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்: பழைய மனித இன்சுலின் வகைகள் பொதுவாகப் புதிய வகைகளைவிட மலிவு, சிலருக்கு அவை பொருந்தும், ஆனால் மாற்றுவது அவருடைய முடிவு. பொது மருத்துவமனை வழியாக இன்சுலின் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். திறந்த பேனா ஏறத்தாழ நான்கு வாரத்துக்குத்தான் நம்பகமானது, திறக்காதவற்றுக்குக் குளிர்பதனப் பெட்டியும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. ஒரு மாதக் கையிருப்பு போதும்.

காப்பீட்டு முகவரைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமையில்லை. காப்பீடும் முதலீடும் கலந்த திட்டத்தில் இரண்டுமே அரைகுறையாகக் கிடைக்கும், முகவருக்கு மட்டும் முழுதாகக் கிடைக்கும். படிவத்தில் சர்க்கரை நோயைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அவரோடு பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள், மறைத்தது தெரிந்தால் உரிமைத்தொகை மறுக்கப்படலாம். இந்த வீட்டில் இப்போது காப்பீடு தேவைப்படுவது உங்களுக்குத்தான், ஏனென்றால் மருந்து உங்கள் சம்பளத்தில் நிற்கிறது. கார்டு தீர்ந்ததும் முதலீடு எதுவும் கலக்காத டேர்ம் காப்பீடு ஒன்றை உங்கள் பெயரில் எடுங்கள், குடும்பத்தில் இருக்கும் நோயைப் படிவத்தில் மறைக்காதீர்கள். உடன்பிறந்தவருக்கு டைப் 1 இருந்தால் உங்களுக்கும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில்தான் என்றாலும், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தம்பியின் மருத்துவரிடம் உங்களையும் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

பெற்றோரிடம் கார்டு விஷயத்தை இந்த வாரமே சொல்லுங்கள். நீங்கள் மறைப்பதால் அவர்கள் பழைய கணக்கிலேயே வீட்டை நடத்துகிறார்கள், உங்களிடம் வாங்கும் 50இல் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. மருந்தையும் கார்டையும் மருத்துவமனைக் கடனையும் ஒரே தாளில் எழுதி, அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். தம்பி அந்த அறையில் இருக்க வேண்டாம். தன்னால் அக்கா கடனாளி ஆனாள் என்று நினைக்கும் பிள்ளை, யாருக்கும் தெரியாமல் ஒரு வேளை ஊசியைத் தவிர்ப்பான், அல்லது பார்க்காத சர்க்கரை அளவைப் பார்த்ததாக நோட்டில் எழுதுவான். ஊசி போடும் நேரத்திலும் சாப்பிடும் நேரத்திலும் விலைப் பேச்சு எடுக்காதீர்கள். மருந்து வாங்குவதும், பேனா தீரும் தேதியைக் குறித்து வைப்பதும் அவன் பொறுப்பில் இருக்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அவன் சம்பாதிக்கத் தொடங்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

பம்ப் பற்றி மீண்டும் கேட்பதானால், கார்டு பாக்கி முற்றிலும் தீர்ந்து மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அப்போது தம்பியின் ஒரு நாள் இன்சுலின் அளவு, அந்த மூன்று மாதத்தில் மருந்துக்கு ரொக்கமாகச் செலவழித்த தொகை, பம்ப்புக்கான ஓராண்டுத் துணைப்பொருள் செலவு ஆகிய மூன்றையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.